கியாசனூர் முதல் கொல்லிமலை வரை - உண்ணிகளும் மனிதர்களும்

முன்னுரை

நாமக்கல் மாவட்டத்தில் கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாக அமைந்திருப்பது கொல்லிமலை. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1000 முதல் 1300 மீட்டர் உயரம் கொண்ட இம்மலையை 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து அடைய வேண்டும். வல்வில் ஓரி ஆண்ட மலை, கொல்லிப்பாவையின் மலை, அறப்பளீஸ்வரர் கோயில் உள்ள மலை என்று இதற்குப் பல பெருமைகள் உண்டு. இங்கு வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள் சாமை, தினை, கேழ்வரகு ஆகியவற்றோடு மிளகு, காப்பி, அன்னாசி, வாழை ஆகியவற்றையும் பயிரிடுகின்றனர். ஆகாய கங்கை அருவியைக் காண ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகளில் இறங்கிச் செல்லும் சுற்றுலாப் பயணிகளும் ஏராளம்.

காட்டில் விறகு பொறுக்குபவர், மாடு மேய்ப்பவர், மிளகுக் கொடியின் அடியில் களை எடுப்பவர், அருவியைப் பார்க்க வந்தவர் ஆகிய எல்லோரும் வீடு திரும்பும்போது உடன் வரும் ஓர் உயிர் உண்டு. அதுதான் உண்ணி. கடுகளவே உள்ள இதை நகத்தால் நசுக்கி எறிந்துவிட்டு மறந்துவிடுவதே வழக்கம். ஆனால் மருத்துவ வரலாற்றில் உண்ணிக்குத் தனி இடம் உண்டு. தென்னிந்தியாவில் அது நூற்றுக்கணக்கான உயிர்களையும் பறித்துள்ளது. அந்த வரலாற்றையும், கொல்லிமலை போன்ற இடங்களில் உழைப்பவர்களுக்கு அது சொல்லும் பாடத்தையும் இக்கட்டுரை விளக்குகிறது.

பெயர் சொல்லும் செய்தி

'உண்' என்ற வினையிலிருந்து பிறந்த சொல் உண்ணி. இரத்தத்தை உண்பது என்பதே பொருள். கால்நடை வளர்த்த சமூகத்துக்கு இது எவ்வளவு பழக்கமான உயிர் என்பதை மொழியே காட்டுகிறது. மாட்டின் மேல் அமர்ந்தும் அதன் பின்னே நடந்தும் இரை தேடும் வெள்ளைக் கொக்குக்கு உண்ணிக்கொக்கு என்று பெயர். வேலி ஓரங்களிலும் காட்டு விளிம்புகளிலும் புதராய்ப் பரவிக் கிடக்கும் லேண்டனா செடியைத் தமிழ்நாட்டின் பல ஊர்களில் உண்ணிச்செடி என்றே அழைக்கின்றனர்.

உண்ணி பூச்சி இனத்தைச் சேர்ந்தது அல்ல. சிலந்தி, தேள் ஆகியவற்றின் உறவு அது. முட்டையிலிருந்து வெளிவரும் இளம் உண்ணிக்கு ஆறு கால்கள். ஒரு முறை இரத்தம் குடித்துத் தோலுரித்த பின் எட்டுக் கால்கள் கொண்ட இடைப்பருவ உண்ணியாகிறது. இன்னொரு முறை குடித்து முழு வளர்ச்சி அடைகிறது. மூன்றாம் முறை வயிறு நிறையக் குடித்த பெண் உண்ணி தரையில் விழுந்து, ஆயிரக்கணக்கில் முட்டையிட்டு இறந்துவிடும். காட்டு உண்ணிகள் பலவற்றில் ஒவ்வொரு பருவமும் வெவ்வேறு விலங்கைத் தேடிப் போகிறது. முதலில் எலி, பிறகு குரங்கு, கடைசியில் மாடு என்று மாறிக்கொண்டே போவதால்தான் ஒரு விலங்கின் நோய் இன்னொரு விலங்குக்குச் செல்கிறது.

உண்ணிக்குப் பறக்கவும் தெரியாது, குதிக்கவும் தெரியாது. புல்நுனியிலோ சருகின் மேலோ முன்னங்கால்களை விரித்துக் காத்திருக்கும். மூச்சுக்காற்றையும் உடல் வெப்பத்தையும் உணர்ந்து, உரசிச் செல்லும் உடலைப் பற்றிக்கொள்ளும். கடிக்கும்போது வலி தெரியாது. அதன் உமிழ்நீரில் உள்ள பொருட்கள் வலியை மறைத்துவிடுகின்றன.

மாட்டுக்காரர்கள் சொன்னது உண்மையானது

உண்ணி நோயைப் பரப்பும் என்பது அறிவியல் முறையில் மெய்ப்பிக்கப்பட்ட ஆண்டு 1893. அமெரிக்காவின் டெக்சாஸ் பகுதியிலிருந்து வடக்கே ஓட்டிச் செல்லப்பட்ட மாடுகள் நலமாகவே இருந்தன. ஆனால் அவை நடந்த வழியில் மேய்ந்த வடபகுதி மாடுகள் காய்ச்சல் கண்டு, சிறுநீர் சிவந்து இறந்தன. இதற்கு உண்ணியே காரணம் என்று மாடு வளர்த்தவர்கள் நெடுங்காலமாகச் சொல்லி வந்தனர். படித்தவர்கள் அதை நம்பவில்லை.

தியோபால்ட் ஸ்மித் என்ற மருத்துவரும் கில்போர்ன் என்ற கால்நடை மருத்துவரும் அதைச் சோதித்துப் பார்த்தனர். தென்பகுதி மாடுகளின் உடலிலிருந்த உண்ணிகளைக் கையால் ஒவ்வொன்றாக நீக்கிவிட்டு வடபகுதி மாடுகளோடு அடைத்தனர். நோய் வரவில்லை. மாடே இல்லாமல் உண்ணிகளை மட்டும் மேய்ச்சல் நிலத்தில் தூவி, அங்கே வடபகுதி மாடுகளை விட்டனர். நோய் வந்தது. நோய்க்குக் காரணமான பபேசியா என்ற நுண்ணுயிரையும் ஸ்மித் கண்டறிந்தார். செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டது 1897இல். அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே உண்ணியின் குற்றம் உறுதியாகிவிட்டது குறிப்பிடத்தக்கது.

இந்தியாவிலும் பபேசியா, தைலேரியா போன்ற உண்ணி நோய்கள் மாடுகளை, குறிப்பாகக் கலப்பினப் பசுக்களைப் பாதிக்கின்றன. கால்நடைத் துறைக்குப் பெயர் பெற்ற நாமக்கல்லில் 1985இல் கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டது. மருந்துகளோடு மூலிகை வழியையும் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் ஆராய்ந்து பரப்பி வருகிறது. பூண்டு, வசம்பு, மஞ்சள், வேப்பிலை, வேப்பங்கொட்டை, துளசி, உண்ணிச்செடி இலை ஆகியவற்றை அரைத்து, நீரில் கலந்து வடிகட்டி மாட்டின் மேல் தெளிப்பது அம்முறைகளுள் ஒன்று.

1957: குரங்குகள் விழுந்த காடு

1957ஆம் ஆண்டின் தொடக்கத்தில், அன்றைய மைசூர் மாநிலத்தின் சிமோகா மாவட்டத்தில் குரங்குகள் கூட்டமாக இறப்பதாகச் செய்தி வந்தது. சொரப் வட்டத்தில் உள்ள கியாசனூர் என்ற காட்டிலும் அதைச் சுற்றிலும் இது நடந்தது. அதே காலத்தில் காட்டை ஒட்டிய சிற்றூர்களில் மக்களுக்கும் கடும் காய்ச்சல் கண்டது. தலைவலி, தாங்க முடியாத உடல்வலி, வாந்தி, சிலருக்கு மூக்கிலும் ஈறிலும் இரத்தக் கசிவு என அது வளர்ந்தது. ஊர் மக்கள் இரண்டையும் சேர்த்துப் பார்த்து 'மங்கன காயிலே', அதாவது குரங்கு நோய் என்று பெயரிட்டனர்.

புனேயில் இருந்த வைரஸ் ஆராய்ச்சி மையம் இச்செய்தியால் கலங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ராக்பெல்லர் அறக்கட்டளையும் இணைந்து 1952இல் தொடங்கிய நிறுவனம் அது. தென் அமெரிக்கக் காடுகளில் குரங்குகள் கூட்டமாக இறந்தால் மஞ்சள் காய்ச்சல் வந்துவிட்டது என்று பொருள். ஆசியாவில் இல்லாத அந்த நோய் இந்தியாவுக்குள் நுழைந்துவிட்டதோ என்பதே அச்சம். டெல்போர்டு ஒர்க், ஹெரால்டு டிராபிடோ ஆகியோர் தலைமையில் குழு காட்டுக்கு விரைந்தது.

ஆய்வின் முடிவு எவரும் எதிர்பாராதது. இறந்த குரங்குகளிலும் நோயாளிகளின் இரத்தத்திலும் உண்ணிகளிலும் ஒரே வைரஸ் கிடைத்தது. அது மஞ்சள் காய்ச்சல் வைரஸ் அல்ல. பல ஆயிரம் கிலோமீட்டர் தொலைவில் உருசியக் காடுகளில் மூளைக்காய்ச்சலை உண்டாக்கும் வைரசுக்கு உறவான, ஆனால் புதிய வைரஸ். கண்டறியப்பட்ட காட்டின் பெயராலேயே அது கியாசனூர் காட்டு நோய் எனப்பட்டது. 1957இல் 466 பேருக்கும் 1958இல் 181 பேருக்கும் இந்நோய் கண்டது. அதை ஆராய்ந்த ஆய்வகப் பணியாளர்கள் பலரும் நோய்க்கு ஆளாயினர்.

இந்நோயைப் பரப்புவதில் முதலிடம் ஹீமாபைசாலிஸ் ஸ்பைனிஜெரா என்ற காட்டு உண்ணிக்கு. நாட்டுக் குரங்கும் மந்தியும் நோய் கண்டு இறக்கின்றன. இறந்த குரங்கின் உடல் குளிர்ந்ததும் அதன் மேலிருந்த உண்ணிகள் இறங்கி அந்த இடத்திலேயே பரவுகின்றன. அவ்வழியே செல்பவருக்கு ஆபத்து அங்கேதான். மனிதரிடமிருந்து மனிதருக்கு இது பரவுவதில்லை. நோய் கண்டவர்களில் 100க்கு 3 முதல் 5 பேர் வரை இறக்கின்றனர். இந்த வைரசைக் கொல்லும் மருந்து இன்றுவரை இல்லை. உடலின் நீர்ச்சத்தையும் இரத்த அழுத்தத்தையும் காத்து, நோயாளியைத் தாங்கி நிற்பதே சிகிச்சை.

வைரஸ் எங்கிருந்து வந்தது?

உருசிய வைரசின் உறவு இந்தியாவில் எப்படி? குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வரும் பறவைகள் உண்ணிகளைச் சுமந்து வந்தனவோ என்ற ஐயம் எழுந்தது. இதை ஆராய உலக சுகாதார நிறுவனத்தின் உதவியோடு பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பறவைகளுக்கு வளையமிடும் பணியில் இறங்கியது. அதற்குத் தலைமை ஏற்றவர் பறவையியல் அறிஞர் சலீம் அலி. பறவைகள் குற்றவாளிகள் என்று மெய்ப்பிக்க முடியவில்லை. ஆனால் இந்தியாவில் பறவைகளின் வலசை பற்றிய பெரிய அளவிலான ஆய்வுக்கு ஓர் உண்ணி நோயே வழிவகுத்தது என்பது வரலாற்றின் விந்தை.

விடை வானத்தில் அல்ல, தரையில் இருந்தது. 1969இல் ஹோர்கே போஷெல் என்ற ஆய்வாளர் இந்நோயின் சூழலை விரிவாக எழுதினார். வைரஸ் காட்டுக்குள் சிறு விலங்குகளுக்கும் உண்ணிகளுக்கும் இடையே ஓசையின்றி நெடுங்காலம் சுழன்றுகொண்டிருந்திருக்க வேண்டும். மக்கள்தொகை பெருகியது, காடு திருத்தப்பட்டது, வயல்கள் காட்டின் நடுவே நுழைந்தன. வயலோடு மாடுகளும் காட்டுக்குள் வந்தன. மாடு இந்நோயால் இறப்பதில்லை. ஆனால் வளர்ந்த உண்ணிக்கு அது பெரிய விருந்து. ஒரு மாடு காட்டில் மேய்ந்து வந்தால் எண்ணற்ற பெண் உண்ணிகள் வயிறு நிறைந்து முட்டையிடும். இப்படி உண்ணிகள் பெருகின, குரங்குகளுக்கு நோய் சென்றது, பின்பு மனிதருக்கும் வந்தது.

1982-83இல் தென் கன்னட மாவட்டத்தின் பெல்தங்கடி வட்டத்தில் பெரிய அளவில் நோய் வெடித்தது. அதற்குச் சற்று முன் அங்கே முந்திரித் தோட்டம் அமைப்பதற்காகப் பழங்காடு வெட்டப்பட்டிருந்தது. காட்டை வெட்டும் கூலியாட்களே முதலில் உண்ணிக்கு இரையாகின்றனர் என்ற கசப்பான உண்மையை அது உணர்த்தியது.

தடுப்பூசியின் கதை

முதலில் உருசிய நோய்க்கான தடுப்பூசியே 1950களின் இறுதியில் சோதித்துப் பார்க்கப்பட்டது. பயன் கிட்டவில்லை. பின்னர் கோழிக்கருத் திசுவில் வைரசை வளர்த்து, பார்மலினால் செயலிழக்கச் செய்து தயாரித்த தடுப்பூசி 1990 முதல் கர்நாடகத்தில் மக்களுக்குப் போடப்பட்டது. ஒரு மாத இடைவெளியில் இரண்டு ஊசிகள், பிறகு ஊக்க ஊசிகள் என்று தொடர்ந்து போட வேண்டும். ஊசி போட்ட இடத்தில் கடும் வலி எடுக்கும். அன்றாடக் கூலிக்குச் செல்பவர் வலிக்காக ஒரு நாள் வேலையை இழக்க வேண்டும் என்பதால் அடுத்த ஊசிக்குப் பலர் வருவதில்லை.

2005 முதல் 2010 வரையிலான நிலவரத்தை ஆராய்ந்து 2013இல் வெளியான ஆய்வின்படி, இரண்டு ஊசிகள் போட்டவர்களுக்குக் கிடைத்த பாதுகாப்பு 62 சதவீதம் மட்டுமே. ஊக்க ஊசியும் போட்டவர்களுக்கு 83 சதவீதம். பயன் போதவில்லை என்ற காரணத்தால் 2022இல் அத்தடுப்பூசி நிறுத்தப்பட்டது. புதிய தடுப்பூசியை உருவாக்கும் முயற்சியில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஈடுபட்டுள்ளது. நோய் கண்டுபிடிக்கப்பட்டு அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் நம்பத்தக்க தடுப்பூசி இல்லை. நகரங்களைத் தாக்கிய நோய்களுக்கு இவ்வளவு காலம் காத்திருக்க நேர்ந்திருக்குமா என்ற கேள்வி இயல்பாகவே எழுகிறது. இந்நோயில் இறந்தவர்களில் பெரும்பாலோர் விறகும், பாக்குத் தோட்டத்துக்குத் தழையும், தொழுவத்தில் பரப்பச் சருகும் தேடிக் காட்டுக்குச் சென்ற எளிய மக்கள்.

தமிழ்நாட்டின் எல்லைக்குள்

ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கர்நாடகத்துக்குள்ளேயே பெரும்பாலும் அடங்கியிருந்த நோய் 2012இன் இறுதியில் பந்திப்பூர் புலிகள் காப்பகத்தில் தோன்றியது. இறந்த குரங்குகளைக் கையாண்ட பணியாளர்கள் நோயுற்றனர். அதே பருவத்தில் நீலகிரி மாவட்டத்தில் இறந்த குரங்கிலும் வைரஸ் கண்டறியப்பட்டது. கேரளத்தின் வயநாடு, மலப்புரம் பகுதிகளிலும், 2015இல் கோவாவின் முந்திரித் தோட்டத் தொழிலாளர்களிடமும், 2016இல் மகாராட்டிரத்தின் சிந்துதுர்க் மாவட்டத்திலும் நோய் பரவியது. 2018-19இல் பழைய சிமோகா மாவட்டத்தின் சாகர் வட்டத்திலேயே மீண்டும் தலைதூக்கி உயிர்களைப் பறித்தது. மேற்குத் தொடர்ச்சி மலையின் நெடுகிலும் அது வழி கண்டுகொண்டது எனலாம்.

உண்ணிக் காய்ச்சல் என்னும் பெயர்க் குழப்பம்

தமிழ்நாட்டுச் செய்தித்தாள்களில் 'உண்ணிக் காய்ச்சல்' என்று வரும்போது அது பெரும்பாலும் குரங்கு நோயைக் குறிப்பதில்லை. ஸ்கிரப் டைபஸ் என்ற நோயையே குறிக்கிறது. இதைப் பரப்புவது உண்மையில் உண்ணி அல்ல. அதற்கு உறவான, கண்ணுக்கு எளிதில் தெரியாத ஒரு சிற்றுயிரின் இளம் பருவம். இரண்டாம் உலகப் போரில் பர்மா, அசாம் காடுகளில் போரிட்ட வீரர்களை இது பெரிதும் வாட்டியது. அதனால் வீரர்களின் உடைகளில் இவற்றை விரட்டும் இரசாயனம் தடவப்பட்டது. தமிழ்நாட்டில் மழைக்காலத்தை ஒட்டிய குளிர் மாதங்களில் இந்நோய் மிகுதியாகக் காணப்படுகிறது.

இவ்விரு நோய்களுக்கும் உள்ள வேறுபாடு உயிரைக் காக்கும் வேறுபாடு. குரங்கு நோய்க்கு மருந்து இல்லை. ஸ்கிரப் டைபசுக்கு டாக்சிசைக்ளின், அசித்ரோமைசின் என்ற எளிய, மலிவான மருந்துகள் உண்டு. கடித்த இடத்தில் சிகரெட் சுட்டது போன்ற கருப்புப் பொருக்கு தோன்றுவது இதன் அடையாளம். அக்குள், தொடை இடுக்கு, மார்புக்குக் கீழ் என மறைவான இடங்களிலேயே அது பெரும்பாலும் இருப்பதால், தேடிப் பார்த்தால்தான் தெரியும். தாமதமானால் நுரையீரலும் சிறுநீரகமும் பாதிக்கப்பட்டு உயிரிழப்பு நேரலாம். ஆகவே காய்ச்சலோடு மருத்துவரிடம் செல்பவர் "காட்டுக்குப் போய் வந்தேன்" என்ற ஒரு வாக்கியத்தைச் சொல்வது மிக அவசியம்.

கொல்லிமலையில் உழைப்போரும் உலாவுவோரும்

கியாசனூரின் வரலாற்றைக் கொல்லிமலையோடு ஒப்பிட்டால் பல கூறுகள் பொருந்துவதைக் காணலாம். இங்கும் காட்டின் நடுவே வயல்கள் உள்ளன. மாடும் ஆடும் காட்டு விளிம்பில் மேய்கின்றன. நாட்டுக் குரங்குகள் மலைப்பாதை நெடுகிலும் உள்ளன. சுற்றுலாப் பயணிகள் வளைவுகளில் வண்டியை நிறுத்தித் தின்பண்டம் கொடுப்பதால் அவை மனிதரை மேலும் நெருங்குகின்றன. அச்சம் கொள்வதற்காக அல்ல, விழிப்போடு இருப்பதற்காகவே இந்த ஒப்பீடு.

காட்டு வேலைக்குச் செல்வோர் முழுக்கைச் சட்டையும் முழுக்கால் உடையும் அணிந்து, கால்சட்டையின் நுனியைக் காலுறைக்குள் செருகிக்கொள்வது நல்லது. வெளிர் நிற உடையில் உண்ணி ஊர்வது எளிதில் தெரியும். பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய டெபா எண்ணெயைக் கர்நாடக அரசு காட்டோர மக்களுக்கு வழங்கி வருகிறது. அதைக் கை கால்களில் தடவிக்கொண்டால் சில மணி நேரம் உண்ணி அண்டாது. புல்லிலும் சருகிலும் நேரடியாக உட்காராமல் விரிப்பின் மேல் அமர வேண்டும். சுற்றுலா வருபவர்கள் புதருக்குள் நுழையாமல் பாதையின் நடுவே நடக்க வேண்டும்.

வீடு திரும்பியதும் உடைகளை வெந்நீரில் அலசி, சோப்புப் போட்டுக் குளிக்க வேண்டும். முழங்காலின் பின்புறம், இடுப்பு, அக்குள், காதின் பின்புறம், குழந்தைகளின் தலைமுடி ஆகியவற்றைத் தவறாமல் பார்க்க வேண்டும். ஒட்டியிருக்கும் உண்ணியின் மேல் மண்ணெண்ணெய் ஊற்றுவதும், தீக்குச்சியால் சுடுவதும் தவறான முறைகள். அவ்வாறு செய்தால் அது தன் வயிற்றில் உள்ளதைக் காயத்துக்குள் கக்கிவிடக்கூடும். சிறு இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக மேலே இழுத்து எடுத்து, அந்த இடத்தைச் சோப்பால் கழுவ வேண்டும். அதை வெறும் நகத்தால் நசுக்கக் கூடாது. அடுத்த இரண்டு மூன்று வாரங்களுக்குள் காய்ச்சல் வந்தால் மருத்துவரை நாட வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, காட்டில் குரங்கு இறந்து கிடந்தால் அதன் அருகில் செல்லாமல் வனத்துறைக்கும் சுகாதார நிலையத்துக்கும் தெரிவிக்க வேண்டும். இறந்த இடத்தைச் சுற்றி 50 மீட்டர் வரை மாலத்தியான் தூள் தூவி உண்ணிகளை அழிப்பது நடைமுறை. காரணம் தெரியும்வரை அந்தப் பக்கம் மக்களோ மாடுகளோ செல்லாமல் இருப்பதே பாதுகாப்பு.

முடிவுரை

டெக்சாஸ் மாட்டுக்காரர்கள் உண்ணியைக் குற்றம் சாட்டியபோது அறிஞர்கள் நம்பவில்லை. சிமோகாவின் சிற்றூர் மக்கள் குரங்கின் சாவையும் மனிதரின் காய்ச்சலையும் ஒரே நோயாகக் கண்டது ஆய்வுக்கூடத்தின் முடிவு வருவதற்கு முன்பே. காட்டோடு வாழ்பவரின் சொல்லுக்குச் செவி கொடுத்தால் காலம் மிச்சமாகும், உயிர்களும் மிஞ்சும் என்பதே இந்த வரலாறு கற்பிக்கும் முதல் பாடம்.

இரண்டாவது பாடம், உண்ணி தானாகப் பெருகுவதில்லை என்பது. காட்டை வெட்டி, அதன் விளிம்பை நீட்டி, மாடுகளை உள்ளே அனுப்பி, அதற்கு வீடும் உணவும் அமைத்துக் கொடுத்தவன் மனிதனே. கொல்லிமலையின் காடு காடாக இருப்பதும், அங்கே உழைப்பவர்கள் மாலையில் ஐந்து நிமிடம் தம் உடலைச் சோதித்துக்கொள்வதும், ஆரம்ப சுகாதார நிலையத்தில் உரிய மருந்து இருப்பதும் சேர்ந்தால் இந்தச் சிற்றுயிருக்கு அஞ்ச வேண்டியதில்லை.